ரீஃப் டேங்கில் எந்த நீரோட்டம் சரி? வேவ்மேக்கர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ரீஃப் டேங்க் வைக்கத் திட்டமிடும்போது லைட்டுக்காக வாரக்கணக்கில் ரிவ்யூ படிப்போம். வேவ்மேக்கர் என்று வந்தால், ‘மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும்?’ என்ற ஒரே கேள்வியோடு ஆர்டர் போட்டுவிடுவோம். சில வாரங்களில் பம்ப்புக்கு எதிரே இருக்கும் பவளத்தின் ஒரு பக்கம் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரியும். அதே தொட்டியின் மூலையில் சிவப்புப் பாசிப் படலம் படிந்திருக்கும். ஒரே தண்ணீர்தான், ஆனால் ஓரிடத்தில் ஓட்டம் அதிகம், இன்னோரிடத்தில் போதவில்லை. எத்தனை லிட்டர் என்பதைவிட, அந்தத் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

பவளத்துக்கு ஓட்டம் எதற்கு?

பவளம் நகராது. உணவும் ஆக்சிஜனும் அதைத் தேடி வர வேண்டும். கழிவும் சளியும் விலகிப் போக வேண்டும். இரண்டையும் செய்வது தண்ணீர்தான். பவளத்தின் மேற்பரப்பை ஒட்டி மிக மெல்லிய, கிட்டத்தட்ட அசையாத ஒரு நீர்ப்படலம் இருக்கும். ஓட்டம் குறைந்தால் அது தடிக்கும், வாயுக்கள் உள்ளே வெளியே போவது தாமதமாகும்.

இதன் விளைவு கடலிலேயே தெரிந்திருக்கிறது. 1998-ல் ஜப்பானின் ஒகினாவாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அதை ஆராய்ந்து நாகமுராவும் வான் வோசிக்கும் 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பரிசோதனையில், நொடிக்கு 50–70 செ.மீ. ஓட்டத்தில் இருந்த அக்ரோபோரா பெரும்பாலும் பிழைத்தது. 2–3 செ.மீ. ஓட்டத்தில் இருந்தது வெளுத்து இறந்தது.

முதலில் பவளம், பிறகு பம்ப்

எந்தப் பவளம் என்று முடிவு செய்யாமல் ஓட்டத்தை முடிவு செய்ய முடியாது. இந்தியாவில் அதற்கு முன் சட்டத்தையும் பார்க்கணும். கல் பவளங்கள், கடல் விசிறிகள் உள்ளிட்டவை 2001-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவிலோ அந்தமானிலோ எடுத்த கல் பவளத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். வெளிநாட்டில் இருந்து வந்தது என்றாலும், சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2022 சட்டத் திருத்தம். பணம் கொடுக்கும் முன் ஆவணங்களைக் கேளுங்க.

கணக்கு எப்படிப் போடுவது?

4 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக ஏறக்குறைய 200 லிட்டர் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் பம்ப் தள்ளும் தண்ணீர் இதைப்போல எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு:

- மென்பவளங்கள் (சோவாந்திட், மஷ்ரூம், லெதர்): 10–20 மடங்கு, 2,000–4,000 லிட்டர்
- எல்பிஎஸ் எனப்படும் பெரிய பாலிப் கல் பவளங்கள் (டார்ச், ஹாமர்): 20–30 மடங்கு, 4,000–6,000 லிட்டர்
- எஸ்பிஎஸ் எனப்படும் சிறிய பாலிப் கல் பவளங்கள் (அக்ரோபோரா): 40 மடங்குக்கு மேல், 8,000 லிட்டருக்கு மேல்

இவை தொட்டி வளர்ப்பவர்களின் அனுபவ அளவுகள், தொடங்குவதற்கு மட்டும்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். சம்ப்பில் இருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், உயரம் கூடக் கூட குறைவாகவே தள்ளும்.

எந்த வகை ஓட்டம்?

ஒரே திசை: ஒரு பம்ப், ஒரே பக்கம், எப்போதும் ஒரே வேகம். செலவு குறைவு. ஆனால் பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, கழிவு படியும். எதிரே இருக்கும் பவளம் அடி வாங்கும்.

மாறி மாறி: எதிரெதிர் சுவர்களில் இரண்டு பம்ப். சில நொடிகளோ நிமிடங்களோ ஒன்று, பிறகு மற்றொன்று. பவளத்தின் இரு பக்கமும் ஓட்டம் கிடைக்கும்.

மோதும் ஓட்டம்: இரண்டு பம்ப்பும் ஒரே நேரத்தில், வேகம் கூடிக் குறைந்து ஓடும். நடுவில் மோதி, திசை கணிக்க முடியாத சுழல்கள் உருவாகும். எஸ்பிஎஸ் தொட்டிகளுக்கு இது பொருந்தும்.

ஜைர்: அகலமான பம்ப், தண்ணீரை மேற்பரப்பில் தள்ளி, எதிர்ச் சுவரில் இறக்கி, அடி வழியாகத் திருப்பிக் கொண்டுவரும். நீளமான தொட்டிக்கு நல்லது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை திசையை மாற்றினால் இன்னும் நல்லது.

பல வகைப் பவளங்கள் கலந்த தொட்டி என்றால், ஒரு பெரிய பம்ப்புக்குப் பதிலாக இரண்டு சிறிய பம்ப் வாங்கி, ‘மாறி மாறி’யில் தொடங்குங்க. எஸ்பிஎஸ் மேலே, எல்பிஎஸ் கீழே ஓரமாக, மென்பவளம் ஓட்டம் குறைந்த இடத்தில். எந்தப் பம்ப்பையும் நேராகப் பவளத்தைப் பார்த்து வைக்காதீங்க.

போன் இருந்தால் அளந்துவிடலாம்

கண்ணாடியின் வெளிப்பக்கம் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு டேப் ஒட்டுங்க. ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு, ஸ்லோ மோஷனில் வீடியோ எடுங்க. ஒரு துகள் நிஜத்தில் 2 நொடியில் கடந்தால், வேகம் நொடிக்கு 15 செ.மீ. மேல், நடு, அடி. இடம், மையம், வலம் என ஒன்பது இடங்களில் குறித்தால் உங்கள் தொட்டியின் வரைபடமே கையில் வந்துவிடும். துகள் அப்படியே நிற்கும் இடம்தான் கழிவு சேரும் இடம்.

மீதியைப் பவளமே சொல்லும். டார்ச்சின் கைகள் மெதுவாக ஆடினால் சரி. ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால் ஓட்டம் அதிகம். சளி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் குறைவு. பவளம் வளர வளர அதுவே ஓட்டத்தை மறிக்கும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்க.

இரவும் கரன்ட் கட்டும்

இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. மீன், பவளம், பாசி எல்லாமே ஆக்சிஜனைச் செலவழிக்கும். ‘நைட் மோட்’ போட்டாலும் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருக்கணும். கரன்ட் போனால் முதலில் நிற்பது இந்த அசைவுதான். லைட் அணைந்தால் பவளம் ஒரு நாள் தாங்கும். ஆக்சிஜன் குறைந்தால் சில மணி நேரத்திலேயே மொத்தத் தொட்டியும் ஆபத்தில் சிக்கும். எனவே ஒரு வேவ்மேக்கரையாவது இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்க, இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துவிடுங்க. பவளம் வாங்கும் முன்பே இது வீட்டில் இருக்கட்டும்.