பூந்தொட்டியில் பிறந்த கறுவா

எட்டாத பாறை உச்சியில் ராட்சசப் பறவைகள் மணக்கும் கறுவாப்பட்டைக் குச்சிகளைக் கொண்டு கூடு கட்டும். அரேபியர் கீழே பெரிய இறைச்சித் துண்டங்களைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்வார்கள். பறவைகள் அவற்றைத் தூக்கிப் போக, பாரம் தாங்காமல் கூடு சரியும். குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இப்படி எழுதிவைத்தார். விலையை ஏற்றக் கட்டிய கதை இது என்று ரோமானிய அறிஞர் பிளினி பின்னாளில் போட்டுடைத்தார். ஆனாலும் விலை இறங்கவில்லை.

1505இல் மாலத்தீவு அருகே முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களைத் துரத்திக்கொண்டிருந்தார் போர்ச்சுகீசியத் தளபதி லொரென்சோ டி அல்மெய்டா. காற்று திசை மாற்றி அவரை இலங்கைக் கரையில் தள்ளியது. தேடிப் போனது கப்பல், கிடைத்ததோ கறுவா! 1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரை அடியோடு விரட்டினார்கள். அனுமதியின்றிப் பட்டை உரித்தவனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். தீவின் கரையோரம் கைக்கு வந்தும் ஒரு முள் உறுத்தியது. நல்ல கறுவாக்காடுகள் பல கண்டி மன்னரின் எல்லைக்குள் இருந்தன.

1761இல் கண்டியோடு போர் மூண்டது. காட்டை நம்பிப் பயனில்லை, மரத்தை நட்டு வளர்த்தால் என்ன என்று டச்சு ஆளுநர் ஃபால்க் யோசித்தார். தானாக முளைத்த மரத்துக்கே மணம் உண்டு, நட்டால் மணக்காது என்பது அன்றைய நம்பிக்கை. ஃபால்க் கேட்கவில்லை, பூந்தொட்டியில் விதை போட்டார். கன்றுகள் தளதளவென்று எழும்பின. பிறகு ஒவ்வொன்றாக வாடிச் செத்தன.

நம்பிக்கை பலித்துவிட்டதா? விசாரித்தபோது குட்டு வெளிப்பட்டது. பட்டை உரித்துப் பிழைத்த ஒருவர், வீட்டுத் தோட்டத்திலேயே கறுவா வளர்ந்தால் தன் பிழைப்பு போய்விடுமென்று பயந்து, இரவில் கன்றுகளின் மேல் வெந்நீர் தெளித்திருந்தார்! சில ஆண்டுகள் கழித்து இலங்கைக்கு வந்த சுவீடன் தாவரவியலாளர் துன்பெர்க் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஃபால்க் மறுபடி விதைத்தார்.

இம்முறை கன்றுகள் பிழைத்தன. கொழும்பு மருதானைப் பக்கம் பெருந்தோட்டமே எழுந்தது. மரத்தை அடியோடு வெட்ட, புதுக்கிளைகள் குச்சி குச்சியாகத் தழைத்தன. மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து, உள்பட்டையைக் கிழியாமல் உரித்தெடுத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி நிழலில் உலர்த்தினார்கள். தோட்டத்துக் கறுவாவும் கமகமவென்று மணந்தது.

அந்தத் தோட்டம்தான் இன்று தூதரகங்களும் பங்களாக்களும் நிறைந்த கொழும்பு 7, கறுவாத்தோட்டம். தாள் போன்ற அடுக்குகளாகச் சுருண்டு, விரலால் நொறுக்கினாலே உடையும் இலங்கைப் பட்டை இன்றும் இப்படித்தான் நட்டு, வெட்டி, உரிக்கப்படுகிறது. நம் பிரியாணியில் கிடக்கும் தடித்த, கெட்டியான பட்டை பெரும்பாலும் அதன் பங்காளி மரமான கேசியா. சீனம், வியட்நாம் பக்கத்துச் சரக்கு. நெடுநேரம் கொதிக்கும் குருமாவுக்கு அதன் காரமான மணம் பொருந்தும். ஆனால் கேசியாவில் ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் அதிகம். இலங்கைக் கறுவாவில் மிகக் குறைவு. அன்றாடம் தேநீரிலும் கஷாயத்திலும் போட்டுக் குடிப்பதற்குக் கறுவாவே பத்திரமானது.