பெயர்ச்சீட்டும் சான்றும்: பழைய இத்தாலிய மண்டலினை இனங்காணல்

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவகத்துக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் எனவும் நெடுந்தீவு டெல்ப்ற் எனவும் வழங்கப்பட்டன. இவற்றுள் டெல்ப்ற் என்னும் பெயரே ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது. அப்பெயரைக் கண்டு நெடுந்தீவை ஒல்லாந்தர் படைத்தனர் என எவரும் கொள்ளார். ஒரு பொருளின்மேல் இடப்பட்ட பெயர், முதற்கண் அதனை இட்டவரையே அறிவிக்கும். ஆக்கியவரை அறிவிக்கும் என்பது பின்னர் நிறுவப்படவேண்டியதொன்றாகும். இவ்வுண்மை பழைய இசைக்கருவிகளை ஆராய்வார்க்கும் இன்றியமையாதது. அதனை இத்தாலிய மண்டலின் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

வீணையைப்போல் மெட்டுகளும் குடமும் உடைய மண்டலின், 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் இன்றைய வடிவத்தை நெருங்கியது. வினாச்சியா குடும்பத்தார் அந்நகரின் புகழ்பெற்ற ஆக்குநர் ஆவர். நான்கு இணைத் தந்திகளும் வயலினுக்குரிய சுருதி வரிசையிலேயே கூட்டப்படும். 19ஆம் நூற்றாண்டில் பஸ்குவாலே வினாச்சியா உருக்குத் தந்திகளையும் பற்சக்கரப் பிரடைகளையும் நீண்ட விரற்பலகையையும் கையாண்டு அதனை வலுப்படுத்தினார். அவருக்குப் பின்னர் நேப்பிள்ஸில் ரஃபாயேலே கலாச்சேயும் (1863–1934), உரோமாபுரியில் லூயிஜி எம்பேர்கரும் (1856–1943) பெரும்புகழ் ஈட்டினர். அக்காலத்தே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மண்டலின் மோகம் பரவியது. சிசிலியின் கத்தானியா நகரப் பட்டறைகள் மலிவான கருவிகளைப் பெருந்தொகையாகச் செய்து ஏற்றுமதி செய்தன. ஆகவே, இத்தாலியில் செய்யப்பட்டதென்பதும் சிறந்த கைவினைஞரால் செய்யப்பட்டதென்பதும் ஒன்றல்ல.

ஆக்குநரை அறிய விழைவோர் முதலில் ஒலித்துளையினூடே நோக்குவர். குடத்தின் உள்ளே ஒட்டப்பட்ட தாட்சீட்டு அங்கே தென்படும். அது வணிகன் ஒட்டிய சீட்டாகவும் இருக்கலாம். பிறர் பெயரைப் பொய்யாகத் தாங்கியதாகவும் இருக்கலாம். கிரெமோனா நகரத்து ஸ்திராதிவாரி 1737இல் மறைந்தார். ஆயினும் அவர் பெயர்ச்சீட்டுடன் 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் எண்ணிறந்த வயலின்கள் வெளிவந்தமை யாவரும் அறிந்ததே. எனினும் சீட்டைப் புறக்கணித்தலும் தவறாகும். அதில் ஒரு பொருட்காட்சிப் பதக்கத்தின் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பின், கருவி அவ்வாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. இறக்குமதிப் பொருள்களில் தோன்றிய நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டுமென அமெரிக்கா 1890இல் சட்டம் இயற்றியது. ஆதலின் ‘இத்தாலி’ என ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டு, பெரும்பாலும் அதற்குப் பிற்பட்ட ஏற்றுமதிக் கருவியைச் சுட்டும்.

சீட்டின் கூற்றைக் கருவியின் உடல் உறுதிப்படுத்தல் வேண்டும். மரப்பிரடைகளும், மேற்பலகையின் மட்டத்தோடு முடியும் குறுகிய விரற்பலகையும் பழைய அமைப்பைக் காட்டும். உயர்ந்து நீண்ட விரற்பலகையில் 17 அல்லது அதற்கு மேற்பட்ட மெட்டுகள் இருப்பது 19ஆம் நூற்றாண்டு வளர்ச்சியைக் காட்டும். குடத்தின் கீற்றுகள் இணைந்துள்ள நுட்பம், மரத்தின் தரம், பிற்காலப் பழுதுபார்ப்பின் சுவடு என்பனவும் நோக்கற்பாலன.

இம்முறை தீவகத்துக்குப் புதியதன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டின் இறுதி வடமொழிப் பகுதி பராக்கிரமபாகுவின் பெயரைத் தருகின்றது. அப்பெயருடைய மன்னர் இலங்கையில் பலர். அக்கல்வெட்டை 1963இல் பதிப்பித்த கா. இந்திரபாலா, பெயரோடு அமையாது பிற சான்றுகளையும் ஆராய்ந்து, அது முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) சாசனம் எனத் துணிந்தார். பெயர் வினாவை எழுப்பியது, சான்று விடையளித்தது.

பெறுமதி பற்றியும் அக்கல்வெட்டு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொன்றே அரச பண்டாரத்துக்குரியது. ஏனைய வாணிபப் பண்டம் ஏற்றிய கலமாயின் பாதி உரியது. அரசனுக்கு வேண்டியிருந்த பொருளைக் கொணர்வோர்க்குச் சலுகை மிகுதி எனலாம். பெறுமதி பொருளில் மட்டும் உறைவதன்று. வேண்டுவோரின் தேவையிலும் உறைவது. சந்தையில் எம்பேர்கர் கருவி உயர்விலை பெறும். கத்தானியாக் கருவி சிறுவிலையே பெறும். கீறல் தடுக்கும் தகடு உண்மையான கடலாமை ஓடாயின், பன்னாட்டு வாணிபத் தடை அதன் விற்பனையையே கட்டுப்படுத்தும். மறுபுறம், மண்டலினைக் கருநாடக இசை மேடையில் நிலைநாட்டிய உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கையாண்டது ஐந்து தந்திகள் கொண்ட மின் மண்டலினேயாகும். எந்த இத்தாலியப் பெயர்ச்சீட்டும் அவரது இசையின் பெறுமதியை அளந்ததில்லை.

1990, 1991ஆம் ஆண்டுகளில் வேலணை, புங்குடுதீவு முதலிய தீவுகளின் மக்கள் போரினால் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அத்தகைய ஊர்களில் எஞ்சிய பழம்பொருள் ஒவ்வொன்றும், அது மலிவானதாயினும், ஒரு வீட்டின் வரலாற்றுக்குச் சான்றாகும். பழைய இசைக்கருவியொன்று கிடைப்பின், மெருகிடுவதும் உருக்குத் தந்தி பூட்டி இறுக்குவதும் அதற்குக் கேடு விளைக்கும். தந்திகளைத் தளர்த்தி, சீட்டையும் உடலையும் படமெடுத்து, யார் வாங்கினார், எங்கே வாசித்தார், யாரிடம் கைமாறியது என்பவற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதிவைத்தல் மாணவர் கடனாகும். ஆக்குநரின் பெயரை வல்லுநர் என்றேனும் கண்டறியலாம். வாசித்தவரின் பெயரோ, அறிந்தோர் மறைவதற்கு முன் எழுதப்படாவிடின் மீளாது.