கண்டியில் அரபுக் கல்வி: ஓதலிலிருந்து பொருளுணர்வுக்கு

ஈழத்து முஸ்லிம்களின் மறுமலர்ச்சியை ஆராய்வோர், 1883 ஜனவரியில் ஆங்கிலேயரால் இங்கு நாடு கடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவின் வருகையையே அதன் தொடக்கமாகக் கொள்வதுண்டு. பின்னர் கண்டியில் குடியேறி 1901 வரை இலங்கையில் வாழ்ந்த பாஷாவின் செல்வாக்கை நாம் மறுக்கவில்லை. ஆயின், கண்டி வழக்கறிஞர் முஹம்மது காசிம் சித்திலெப்பை (1838-1898) ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியது 1882 டிசம்பரில் என்பது மனங்கொள்ளத்தக்கது. பாஷா வருமுன்னரே மாற்றத்துக்கான தேவை இம்மண்ணில் தோன்றிவிட்டது.

அத்தேவையின் அடித்தளம் யாது? கோப்பிப் பொருளாதாரமும் 1867 இல் கண்டியை எட்டிய புகையிரதமும் மலைநாட்டு நகரங்களைப் புதிய வணிக உறவுகளுக்குள் கொணர்ந்தன. கணக்கேடும் உறுதிப்பத்திரமும் நீதிமன்றமும் அன்றாட வாழ்வில் இடம்பெற்றன. பொருள் விளங்கி வாசித்தாலன்றி அவற்றைக் கையாளல் இயலாது. சமய நூலின் நிலையோ வேறு. பள்ளியிற் சிறுவர் குர்ஆனை ஒலிப்புப் பிழையின்றி ஓதக் கற்றனர். அதன் பொருளோ ஆலிம்களிடமே தங்கியிருந்தது. இதனை வெறும் அறியாமை எனக் கொள்வது தவறு. அறிவுத்துறையில் நிலவிய வேலைப்பிரிவினையின் வெளிப்பாடே அது.

இவ்விடைவெளியை அரபுத்தமிழ் ஓரளவு நிரப்பிற்று. தமிழை அரபு எழுத்தில் எழுதும் இம்மரபின்மூலம், கீழக்கரை இமாமுல் அரூஸ் போன்றோர் சமயச் சட்டங்களைச் சாதாரண மக்களிடம் கொண்டுசென்றனர். எனினும் அந்நூல்கள் முடிபுகளையே வழங்கின. மூலநூலிலிருந்து அம்முடிபுகளைப் பெறும் முறையைக் கற்க இலக்கணம் வேண்டும்.

செவ்வியல் அரபின் அமைப்பு இதனைத் தெளிவாக்கும். ‘க-த-ப’ என்னும் மூன்று மெய்களாலான வேரிலிருந்து எழுதினான் (கதப), நூல் (கிதாப்), எழுதுவோன் (காதிப்), எழுதுமிடம் (மக்தப்) ஆகியன பிறக்கின்றன. வேற்றுமையை இறுதி உயிரொலி காட்டும். ‘ழரப ஸைதுன் அம்ரன்’ எனின் ஸைத் அம்ரை அடித்தான் என்பது பொருள். ஸைதன், அம்ருன் என ஈறுகள் மாறின் அடித்தவன் அம்ர் ஆகிவிடுவான். தமிழில் ‘ஐ’ உருபு செய்யும் பணியை அங்கு ஓர் உயிரொலி செய்கிறது. இவ்வேறுபாட்டை அறியாதவன் எத்துணை இனிமையாக ஓதினும் பிறர் கூறும் பொருளையே ஏற்கவேண்டியவனாகிறான்.

சித்திலெப்பை அரபுப் பாடநூல்களும் இலக்கணமும் எழுத முற்பட்டதன் சமூக முக்கியத்துவம் இதுவே. இலக்கணத்தைப் பொதுவுடைமையாக்குவது, விளக்கமளிக்கும் உரிமையைப் பரவலாக்குவதாகும். கண்டியிற் பெண்களுக்கெனப் பள்ளி நிறுவியதும், 1885 இல் ‘அஸன்பேயுடைய கதை’யை வெளியிட்டதும் இதே நோக்கின் வேறு முகங்களே. எனினும் இவ்வியக்கத்தின் வர்க்க எல்லையை நாம் மறத்தலாகாது. ஓய்வும் பொருளும் உடைய குடும்பத்தினருக்கே நீண்ட இலக்கணப் பயிற்சி கைகூடிற்று. கூலித் தொழிலாளியின் பிள்ளை ஓதலோடு நின்றது.

மற்றொரு முரண்பாடும் எழுந்தது. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தாற் தமிழரே என வாதிட்டார். பிரதிநிதித்துவப் போட்டி கூர்மையடைந்த அச்சூழலில், அறிதற் கருவியாக இருந்த அரபு தனித்துவத்தின் சின்னமாகவும் மாறியது. சின்னத்தைப் போற்றுவதற்குப் பொருள் விளங்க வேண்டிய கட்டாயமில்லை.

2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் இந்நாட்டில் அரபுப் பெயர்ப்பலகைகளும் ஐயத்துக்குள்ளாயின. வெறுப்போரும் அம்மொழியைச் சின்னமாகவே கண்டனர். இந்நிலையில் பேராதனை உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் அரபுத் துறைகளுக்கும் தமிழ்த் துறைகளுக்கும் பொதுவான கடமையொன்று உண்டு. மூலநூலை எவரும் இலக்கணத்தோடும் வரலாற்றோடும் அணுகத்தக்க கல்வியைத் தாய்மொழிவழி வளர்த்தலே அது. கண்டியில் 19 ஆம் நூற்றாண்டிலே தொடங்கிய அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.