ஒல்லாந்தரின் நிலக்காட்சி ஓவியமும் சந்தையும்



கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் வசமானது 1656ஆம் ஆண்டிலாகும். அதே ஆண்டில், அவர்களின் தாயகத்திலே, ஹேக் நகரில், ஓர் ஓவியர் கடனாளியாய்க் கண்மூடினார். அவர் பெயர் யான் வன் கோயன். 1596இல் லெய்டன் நகரிற் பிறந்த இவர் தீட்டிய படங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. ஒருவரால் இத்தனை படங்களை எவ்வாறு தீட்ட முடிந்தது? அவற்றை வாங்கியோர் யாவர்?

அக்காலத்து ஒல்லாந்து, ஸ்பானிய மன்னரின் ஆட்சியை எதிர்த்தெழுந்த குடியரசு. அங்கு மேலோங்கிய சீர்திருத்தத் திருச்சபையினர், வழிபாட்டிடங்களில் திருவுருவப் படங்களை வைக்க இசைந்தாரல்லர். அவ்வாதரவை இழந்த ஓவியர் சந்தையை நாடினர். வணிகர் மாத்திரமன்றி, ஓரளவு வசதி படைத்த கைவினைஞரும் தம் வீட்டுச் சுவருக்குப் படம் வாங்கினர். ஆறு, படகு, மணல்மேடு, தொலைவிலே ஒரு கோபுரம் எனத் தாம் நாளும் காணும் காட்சிகளை அவர்கள் விரும்பினர். ஆயின், விலை தம் கைக்கு எட்டுவதாய் இருத்தல் வேண்டும்.

இதற்கேற்ற முறையொன்றை வன் கோயன் கையாண்டார். ஓக் மரப் பலகையில் மெல்லியதொரு பூச்சினை இட்டார். ஈயவெள்ளையையும் மண்ணிறங்களையும் எண்ணெயிற் குழைத்து, ஒரு வண்ணம் உலருமுன்னரே அதன்மேல் மற்றொன்றைத் தீட்டினார். நீலக்கல்லை அரைத்துப் பெறும் விலையுயர்ந்த வண்ணத்தைப் பெரும்பாலும் தவிர்த்தார். பலகையின் பழுப்பு நிறம் மெல்லிய வண்ணத்தினூடே தெரிந்தது. அதனையே மண்ணாகவும் கலங்கிய நீராகவும் பயன்படுத்திக்கொண்டார். அடிவானத்தைத் தாழ்த்தி, படத்தின் பெரும்பகுதியை மேகங்களுக்கு விட்டார். காலமும் பொருளும் மிச்சமாயின. அச்சிக்கனத்தினாலேயே, ஈரக்காற்று நிறைந்த அந்நாட்டின் மங்கிய ஒளியும் அவர் படங்களிற் குடிகொண்டது.

எனினும், மலிவான படங்கள் அவரைச் செல்வராக்கவில்லை. காணிகளிலும் துலிப் மலர்க்கிழங்குகளிலும் பணத்தை முடக்கினார். 1637இல் அக்கிழங்குகளின் விலை வீழ்ந்தபோது பெரும் நட்டமடைந்தார். தாம் சேர்த்த கலைப்பொருட்களை 1652இலும் 1654இலும் விற்க நேர்ந்தது. சந்தைக்கென்றே தம் கலையை அமைத்துக்கொண்டவரைச் சந்தையே கைவிட்டது.

அன்று எளியோர் வீட்டுச் சுவருக்கும் எட்டிய அவர் படங்கள் இன்று பேரரும்பொருட்காட்சிச் சாலைகளில் இடம்பெற்றுள்ளன. நேயர்கள் அவற்றைக் காண நேரின், மேகங்களைப் பார்த்த பின்னர், வண்ணத்தினூடே தெரியும் மரவரிகளையும் சற்றே உற்று நோக்குவீர்களாக.