மேல்மலைக்கு வந்த சக்கரம்

பழனி மலைத்தொடரின் மேல்மலைப் பிரதேசத்துக்குச் சக்கரம் மிகவும் பிந்தியே வந்து சேர்ந்தது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, போளூர் முதலிய கிராமங்களில் மக்கள் சரிவுகளைப் படிப்படியாகத் திருத்தி, வெள்ளைப்பூண்டு முதலானவற்றைப் பயிரிட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தபோது, விளைந்ததைச் சமவெளிச் சந்தைக்குக் கொண்டு சேர்க்க அவர்களுக்கு வாய்த்தவை மனிதனின் தலையும் பொதிமாட்டின் முதுகும் மட்டக்குதிரையின் முதுகுமே ஆகும். 1821இல் பி. எஸ். வார்டு என்ற அதிகாரி இம்மலைகளை அளந்தபோதும், 1845இல் அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோதும் நிலைமை அதுவே. 1875இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்த பின்னரும், கோடை வாசத்துக்கு வந்த துரைமார்கள் அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரையில் மாட்டு வண்டியில் வந்து, அங்கிருந்து குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் தாங்கிய நாற்காலியிலோதான் மேலேறினார்கள். அத்தோள்களை நினையாமல் இம்மலைப் பாதையின் சரித்திரத்தைப் பேசுவது நியாயமன்று. லா என்ற இராணுவ அதிகாரி வகுத்த மலைப்பாதை நெடுங்காலம் முற்றுப்பெறாமல் கிடந்து, 1914ஆம் ஆண்டை ஒட்டித்தான் மோட்டார் வண்டிக்கு வழிவிட்டது. அதுவும் கொடைக்கானல் வரையில்தான், மேல்மலைக்கு அல்ல.

மேல்மலைக் காட்டுப் பாதைகளுக்கு ஏற்ற மோட்டார் சக்கரம் யுத்தத்திலிருந்து வந்தது என்பது விசேஷம். 1941 முதல் அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் செய்து குவித்த ஜீப்பு, யுத்தம் ஓய்ந்தபின் உபரிச் சரக்காக விலைக்கு வந்தது. 1947 முதல் பம்பாயில் மஹிந்திரா நிறுவனத்தார் அதைப் பூட்டிச் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். அதன் டயர் 6.00-16 அளவு, அதாவது ஆறங்குல அகலம், பதினாறு அங்குல ரிம், தரையிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ இருபத்தெட்டரை அங்குல உயரம். அந்த டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் கட்டைகள் முன்னும் பின்னும் ஒரே மாதிரியாக வெட்டப்பட்டிருந்தமையால், சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டி முன்னோக்கி எவ்வளவு பற்றுமோ அவ்வளவே பின்னோக்கியும் பற்றி வெளியேறிவிடும். அகலம் குறைந்த டயர் என்று இக்காலத்தவர் அதை எளிதாக எண்ணக்கூடும். மேலே குழைசேறும் அடியில் கெட்டித் தரையும் உள்ள மலைப்பாதையில், அகன்ற டயர் சேற்றின்மேல் மிதந்து வழுக்க, ஒடுங்கிய டயரோ சேற்றை அறுத்துக்கொண்டு கெட்டித் தரையைத் தொட்டுவிடும். மழைக்காலத்தில் பூண்டு மூட்டையுடன் தோட்டத்திலிருந்து ஏறிவரும் வண்டிக்கு அது எத்தனை பெரிய சகாயம் என்பதை மேல்மலை டிரைவர்கள் நன்கு அறிவார்கள்.

பெரிய சக்கரத்தின்மேல் ஆசை புதிதன்று. ஜீப்புக்கே 7.00-16 டயரைப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அதன் உயரம் முப்பதரை அங்குலத்தை ஒட்டி வரும். ஆகவே வண்டியின் வயிறு தரையிலிருந்து ஓர் அங்குலம் கூடுதலாக உயரும். பாறை முளைத்த பாதையில் அந்த ஓர் அங்குலம் அச்சை மூடிய ஹவுசிங்கைக் காப்பாற்றிவிடும். ஆனால் உயரம் நூற்றுக்கு ஏழு பங்கு கூடினால், ஒவ்வொரு கியரும் அதே விகிதத்தில் நீண்டுவிடுகிறது. முதல் கியரில் ஏறிய ஏற்றத்துக்கு எஞ்சின் திணறுகிறது. இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் வலுவும் பிரேக்கின் வலுவும் அவ்வளவுக்குக் குறைகின்றன. மீட்டர் முப்பது என்று காட்டும்போது வண்டி முப்பத்திரண்டில் ஓடுகிறது. மலையில் ஏறுவது எஞ்சினின் காரியம், இறங்குவதோ உயிரின் காரியம். ஆதலால் கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் பாரத்துடன் இறங்கும் வண்டிக்கு இந்தக் கணக்கைச் சொல்லாமல் டயர் விற்பது பெருந்தவறு என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஜீப்புக்குப் பிறகு பிக்கப் வந்தது. 2005இல் வந்த டாடா ஏஸ், மக்கள் வாயில் குட்டியானை என்று பெயர் பெற்று, பன்னிரண்டு அங்குலச் சக்கரத்தோடு சமவெளிச் சந்தைகளையெல்லாம் ஆட்கொண்டது. ஆயினும் கல்லும் பள்ளமுமான தோட்டப் பாதையில் அச்சிறு சக்கரம் பள்ளத்துக்குள்ளேயே இறங்கிவிடும். பெரிய பள்ளத்தைப் பெரிய சக்கரம் எளிதில் கடக்கும் என்பது மாட்டு வண்டித் தச்சருக்கே தெரிந்த நியாயம். மேல்மலைப் பாதைகளுக்கு ஏற்றது பொலேரோ வகைப் பிக்கப்பே. பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கும், காய்கறி ஒட்டன்சத்திரத்துக்கும் இறங்கிப் போவதற்கு இத்தகைய வண்டிகளை நம்புவதே பொருத்தம்.

அப்படிப்பட்ட வண்டிக்கு அகன்ற அலாய் வீலையும் கட்டைகள் பருத்த பட்டன் டயரையும் மாட்டிக்கொள்ளும் இளைஞரைக் கண்டால் நான் கோபிப்பதில்லை. உழைத்துச் சம்பாதித்த வண்டி கம்பீரமாய் நிற்கவேண்டும் என்ற ஆசை இயற்கையானதே. ஆனால் அவர் சில சோதனைகள் செய்துகொள்ள வேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, பின்புறம் பாரம் ஏற்றி, சக்கரத்தின் அருகே குந்திப் பார்த்தால், டயரின் தோள் மட்கார்டில் உரசிய கறுப்புத் தடம் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். ரிம் வெளியே தள்ளி நிற்குமானால் பேரிங்கின்மேல் பாரம் கூடுவதும், ஒரு வண்டியே போகத்தக்க பாதையில் விளிம்பு நெருங்குவதும் நிச்சயம். எல்லாவற்றிலும் முக்கியமானது, டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட, அடுக்கு வலுவைக் குறிக்கும் பிளை எண்ணும் பாரக் குறியீடும். காருக்கான அகன்ற டயர், பார்வைக்கு எவ்வளவு முரட்டுத்தனமாய் இருந்தாலும், மூட்டைகளைத் தாங்கும் வலுவில் லாரி வகை டயருக்கு ஈடாகாது. உருளைக்கிழங்கு அறுவடையின்போது பாரம் ஏறிய வண்டியில் முதலில் வீங்குவதும் வெடிப்பதும் அத்தகைய டயரே.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எனவே தயாரிப்பாளர் அதே மாடலின் வேறு வகைகளுக்குக் குறித்திருக்கும் அளவுகளை முதலில் விசாரித்து, அவற்றுள் பாரத்துக்கும் பாதைக்கும் பொருந்துவதைத் தேர்ந்துகொண்டு, ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்கி வைப்பது உசிதம். ஏனெனில் போளூர்ப் பாதையில் இரவில் டயர் போனால், பஞ்சர் கடையைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியிருக்கும். மூன்று பெரிய டயரும் ஒரு சிறிய டயருமாக மூட்டையோடு அத்தனை வளைவுகளைக் கடக்க எந்த நல்ல டிரைவரும் சம்மதிக்கமாட்டார்.