விழும் வேகமும் பரவும் வேகமும்

நம் காதிர் முகைதீன் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து என்ஜினியர் ஆனவன் நான். அதனால் ஊருக்கு வரும்போதெல்லாம் இப்போது படிக்கும் தம்பிமார்கள் பாடத்தில் சந்தேகம் கேட்பதுண்டு. அப்படி ஒரு தம்பி கேட்டார்: "காக்கா, புவியீர்ப்புன்னா 9.8ன்னு படிக்கிறோம். ஆனா ஈர்ப்பு ஒளி வேகத்துல போகுதுன்னும் சொல்றாங்க. ரெண்டுல எது சரி?"

இரண்டுமே சரிதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெளிவாக உலகத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதால் அதை இம்மலரில் எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் நம்மூர் தென்னந்தோப்புக்குப் போவோம். 20 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் விநாடி முடியும்போது அதன் வேகம் விநாடிக்கு 9.78 மீட்டர். இரண்டாவது விநாடி முடியும்போது 19.56 மீட்டர். ஒவ்வொரு விநாடியும் அதே அளவு வேகம் கூடிக்கொண்டே போகிறது. அதற்குப் பெயர்தான் முடுக்கம். ஈர்ப்பு எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை அது சொல்கிறதே தவிர, ஈர்ப்பு எவ்வளவு வேகமாகப் பயணம் செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. (புத்தகத்தில் உள்ள 9.8 என்பது தோராயக் கணக்கு. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் அது 9.78 தான்.)

பரவும் வேகம் என்பது வேறு சங்கதி. நாம் கடைமடைக்காரர்கள், நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மேட்டூரில் ஷட்டரைத் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகும். அதற்குப் பிறகுதான் கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் எட்டிப் பார்க்கும். நம் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு இழுப்பாக ஓடுகிறது என்பது ஒரு கேள்வி. மேட்டூரில் செய்த மாற்றம் எத்தனை நாளில் நமக்குத் தெரிகிறது என்பது இன்னொரு கேள்வி. 9.78 முதல் கேள்விக்கான விடை. ஒளியின் வேகம் இரண்டாவது கேள்விக்கான விடை. பூமியின் ஈர்ப்பு தேங்காயைச் சுற்றி ஏற்கெனவே இருக்கிறது, காம்பு அறுந்ததும் எங்கிருந்தோ அது புறப்பட்டு வரவேண்டியதில்லை. ஈர்ப்பில் ஏதாவது மாற்றம் ஏற்பட்டால், அந்த மாற்றம்தான் பயணம் செய்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். விழும் பொருளின் கணக்கை கலிலியோ 1638-ல் வெளிவந்த தம் நூலில் விளக்கிவிட்டார். 1672-ல் பிரெஞ்சு வானியலாளர் ரிஷே தென் அமெரிக்காவின் கயேன் நகருக்கு ஊசல் கடிகாரத்தைக் கொண்டுபோனபோது, பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஈர்ப்பு எல்லா ஊரிலும் ஒரே அளவில்லை என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த ஊசல் சென்னைக்கும் வந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த வானாய்வுக் கூடத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம், 1821-ல் சென்னையின் ஈர்ப்பை ஊசலால் அளந்தார். ஒரு விநாடிக்கு ஒரு தரம் ஆடும் ஊசலுக்கு லண்டனில் 99.4 சென்டிமீட்டர் நீளம் வேண்டும், சென்னையில் 99.1 போதும். வித்தியாசம் மூன்றே மில்லிமீட்டர். ஆனால் லண்டன் கடிகாரத்தை அப்படியே இங்கே மாட்டினால் நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கிவிடும்.

இதே கோல்டிங்ஹாம் அதே காலத்தில் இன்னொரு சோதனையும் செய்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி சுடுவார்கள். அவர் நுங்கம்பாக்கத்தில் இருந்துகொண்டு, வெடியின் வெளிச்சம் தெரிந்ததற்கும் சத்தம் கேட்டதற்கும் நடுவே உள்ள நேரத்தைக் கணக்கிட்டார். பரங்கிமலை அங்கிருந்து சுமார் ஒன்பது கிலோமீட்டர், ஆகவே சத்தம் வந்துசேர ஏறத்தாழ 26 விநாடி. இப்படி ஒலியின் வேகத்தைக் கண்டார். ஊசலால் அளந்தது இழுப்பின் பலம், பீரங்கியால் அளந்தது பரவும் வேகம். தம்பி கேட்ட இரண்டு கணக்கும் ஒரே மனிதரின் மேஜையில் தனித்தனியாக இருந்திருக்கின்றன! அந்தப் பீரங்கி முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

9.78 என்ற எண்ணுக்காக உயிரைக் கொடுத்தவரும் உண்டு. சர்வே துறையைச் சேர்ந்த கேப்டன் பசேவி 1865 முதல் ஊசலைத் தூக்கிக்கொண்டு குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமயம் வரை அளந்துகொண்டே போனார். 1871 ஜூலையில் லடாக்கின் உயரமான சமவெளியில், கடும் குளிரில், வேலை நடுவிலேயே இறந்துபோனார். நாம் ஒரு மார்க்குக்காக மனப்பாடம் செய்யும் எண்ணுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கிறது.

சரி, ஈர்ப்பு பரவும் வேகம்? நியூட்டன் 1687-ல் எழுதிய விதியில் அதற்கு இடமே இல்லை. சூரியன் நகர்ந்தால் அந்தக் கணமே பூமிக்குத் தெரியும் என்பதுதான் அந்த விதியின் அர்த்தம். அது எப்படி நடக்கிறது என்று அவருக்கே திருப்தியில்லை. நடுவில் எதுவுமில்லாமல் ஒரு பொருள் தூரத்துப் பொருளை இழுப்பது அறிவுக்கு ஒவ்வாதது என்று நண்பர் ஒருவருக்குக் கடிதமே எழுதினார். பிறகு வந்த பிரெஞ்சு மேதை லாப்லாஸ் 1805-ல் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஈர்ப்பு தாமதமாக வந்தால், சூரியன் சற்றுமுன் இருந்த இடத்தை நோக்கியல்லவா பூமி இழுக்கப்படும்? அப்படியானால் கிரகப் பாதைகள் நாளடைவில் குலைந்துவிடும். ஆகவே ஈர்ப்பின் வேகம் ஒளியைப் போல 70 லட்சம் மடங்காவது இருக்க வேண்டும் என்றார்.

கணக்கு தப்பில்லை, எடுத்துக்கொண்ட அடிப்படைதான் தப்பு. 1915-ல் ஐன்ஸ்டைன் தந்த பொதுச் சார்பியலின்படி, நகரும் பொருளின் ஈர்ப்பில் அதன் இருப்பிடம் மட்டுமல்ல, அதன் நகர்வும் சேர்ந்தே அடங்கியிருக்கிறது. சைக்கிளில் போகிறவருக்குப் பந்து எறியும் பையன் அவர் இருக்கும் இடத்துக்கா எறிகிறான்? போய்ச்சேரும் இடத்தைப் பார்த்தல்லவா எறிகிறான்! கிட்டத்தட்ட அதுபோலத்தான். தாமதம் உண்டு, ஆனால் அதன் விளைவு ஏறத்தாழ முழுவதும் ஈடுகட்டப்பட்டுவிடுகிறது.

1916-ல் ஈர்ப்பு அலைகள் ஒளியின் வேகத்தில் போகும் என்று சொன்ன ஐன்ஸ்டைனே, 1936-ல் அப்படி அலைகள் இல்லை என்று ஒரு கட்டுரை எழுதிவிட்டு, பிறகு திருத்திக்கொண்டார். 1974-ல் ஹல்ஸ், டெய்லர் இருவரும் ஒன்றையொன்று சுற்றும் நியூட்ரான் நட்சத்திர ஜோடியைக் கண்டுபிடித்தார்கள். ஈர்ப்பு அலைகளால் சக்தி வெளியேறினால் எவ்வளவு நெருங்க வேண்டுமோ, அதே அளவு அவை நெருங்கி வந்தன. ஆனால் இதுவும் மறைமுகச் சான்றுதான். 2015 செப்டம்பர் 14-ல்தான் அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாக ஈர்ப்பு அலையை நேரடியாகப் பிடித்தன.

வேகத்துக்கான தீர்ப்பு 2017 ஆகஸ்ட் 17 அன்று, நம் நேரப்படி மாலை 6 மணி 11 நிமிடத்துக்கு வந்தது. சுமார் 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஈர்ப்பு அலை பூமியைத் தொட்டது. அது முடிந்த 1.7 விநாடியில் அதே மோதலின் காமாக் கதிரை ஃபெர்மி செயற்கைக்கோள் பதிவு செய்தது. பாருங்கள், இது கோல்டிங்ஹாமின் பீரங்கிதான்! ஒரே இடத்திலிருந்து இரண்டு தூதர்கள் புறப்பட்டால், வந்துசேரும் நேர வித்தியாசமே வேகத்தைச் சொல்லிவிடும். ஒன்பது கிலோமீட்டரில் ஒளிக்கும் ஒலிக்கும் 26 விநாடி வித்தியாசம். 13 கோடி ஆண்டுப் பயணத்தில் ஈர்ப்புக்கும் ஒளிக்கும் இரண்டு விநாடிகூட இல்லை. அதுவும் வெடிப்பில் காமாக் கதிர் சற்றுத் தாமதமாகக் கிளம்பியதாகவே இருக்கலாம். இரண்டின் வேகமும் ஆயிரம் லட்சம் கோடியில் ஒருசில பங்குக்குள் சமம் என்று முடிவானது. ஐன்ஸ்டைனுக்கு மாற்றாகச் சொல்லப்பட்டிருந்த பல கொள்கைகள் அந்த 1.7 விநாடியில் அடிபட்டுப்போயின.

இப்போது மறுபடி தோப்பைப் பார்ப்போம். 20 மீட்டர் விழுவதற்குத் தேங்காய்க்கு இரண்டு விநாடி ஆகிறது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. (மரத்தடியில் நிற்பவர் கவனம்!) அதே இரண்டு விநாடியில் ஈர்ப்பின் மாற்றம் 6 லட்சம் கிலோமீட்டர், அதாவது நிலாவையும் தாண்டிப் போய்விடும். நம் கடலில் அலையேற்றம் உண்டாக்கும் நிலாவின் இழுப்பு, சுமார் 1.3 விநாடி பழையது. சூரியனின் இழுப்பு எட்டு நிமிடத்துக்கு மேல் பழையது.

நம் பக்கத்துக் கடலிலேயே இன்னும் ஒரு புதிர் உண்டு. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்புக் குறைவால் கடல் மட்டம், இருக்க வேண்டிய அளவைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. 1948-ல் தெரியவந்த இதற்குப் பூமியின் அடியாழத்தில் காரணம் தேடி, 2023-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் விளக்கம் தந்தார்கள். அதே 2023 ஏப்ரலில், மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் சுமார் 2600 கோடி ரூபாயில் லைகோ-இந்தியா அமைக்க மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதற்கு இயற்பியல் படித்தவர்கள் மட்டும் போதாது. வெற்றிடக் குழாய், லேசர், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், சிவில் என்று எல்லாத் துறையினரும் வேண்டும்.

இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். "இதுகூடத் தெரியாதா" என்று யாராவது சிரிப்பார்களோ என்று சந்தேகத்தை விழுங்கிவிடாதீர்கள். நியூட்டன் விடை தெரியாமல் விட்டதும், லாப்லாஸ் தவறிப்போனதும், ஐன்ஸ்டைன் தடுமாறியதும் இதே கேள்வியில்தான். பழைய மாணவர்களாகிய நாங்களும் ஊருக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறோம். தெருவில் பார்த்தால் தயங்காமல் நிறுத்திக் கேளுங்கள்.