நீறும் நூறும்: ஓர் அயல்நாட்டு அடையின் வரலாறு

குவாதமாலா நாட்டில் 'சிலாக்கிலா' என்றொரு பண்டம் உண்டு. மக்காச்சோள அடையின் நடுவே பாலாடைக்கட்டியை வைத்து மடித்து, அடித்த முட்டையில் தோய்த்துப் பொரித்து, தக்காளிச் சாறு ஊற்றிப் பரிமாறுவார்கள். நம் பஜ்ஜிக்குத் தூரத்து உறவு எனலாம். சென்ற மாதம் ஒரு விடுமுறை நாளில், கோவிலம்பாக்கத்து இல்லத்தில் அதனைச் சமைக்க முற்பட்டோம். கடையில் வாங்கிய மக்காச்சோள மாவைப் பிசைந்து தட்டினால், ஓரமெல்லாம் வெடித்தது. மடித்தால் இரண்டாக முறிந்தது. மூன்று அடைகள் முறிந்தபின் அடுப்பை அணைத்துவிட்டுப் புத்தகங்களைப் புரட்டலானோம். அங்கே கிடைத்த விடை சமையலோடு நிற்கவில்லை.

நாம் தவறவிட்டது சுண்ணாம்பு. நடு அமெரிக்கத் தொல்குடியினர் மக்காச்சோளத்தை வெறுமனே மாவாக்குவதில்லை. உலர்ந்த மணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, தோல் நீங்கக் கழுவி, ஈரத்தோடு அம்மியையொத்த கல்லில் அரைத்தனர். நம் தோசைக்கல்லை ஒத்த மண் ஓட்டில் அடைகளைச் சுட்டனர். குவாதமாலாவின் தென்கடற்கரைப் பகுதியில் இம்முறை பொ.மு. 1500-1200 அளவிலேயே வழங்கியது என ஆய்வாளர் கருதுவர். சுண்ணாம்பு தோலைத் தளர்த்துகிறது, மாவுக்குப் பிடிப்பைத் தருகிறது. அதனினும் பெரிதாக, தானியத்துள் உடலுக்கு எட்டாதபடி பிணைந்திருக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தை விடுவிக்கிறது. மஞ்சளும் வெள்ளையுமான மக்காச்சோளத்தால் மனித உடல் ஆக்கப்பட்டது என்று 'போபோல் வூ' என்னும் மாயர் நூல் சொல்வதில் வியப்பென்ன?

1492-இல் கொலம்பஸ் கடல் கடந்தபின் இத்தானியம் உலகெங்கும் பரவியது. தானியம் போயிற்று, சுண்ணாம்பு உடன் போகவில்லை. விளைவு கொடியதாயிற்று. மக்காச்சோளமே உணவாயிருந்த ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதி ஏழைகளிடம் தோல் வெடித்து மனம் பேதலிக்கும் நோயொன்றை 1735-இல் காஸ்பார் கசால் என்னும் மருத்துவர் குறித்தார். அதுவே பின்னர் 'பெல்லாக்ரா' எனப் பெயர் பெற்றது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது பெருகியபோது, 1914 முதல் ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர் அது தொற்றன்று, உணவுக்குறையே என்று காட்டினார். நியாசினே மருந்து என்பது 1937-இல் கான்ராட் எல்வேஜெமின் ஆய்வால் தெளிந்தது.

இதில் நம்மவர் பங்கும் உண்டு. சேலத்தில் 1918-இல் பிறந்த மருத்துவர் சி. கோபாலன், தக்காணத்தில் சோளம் உண்ணும் ஏழை மக்களிடமும் இந்நோயைக் கண்டார். சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் புரதக்கூறு இதற்குக் காரணமாகலாம் என்று அவரும் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் முன்வைத்தனர். நம் முன்னோர் 'சோளம்' என்றது இத்தானியத்தையே. பின்னால் வந்த அயல் தானியத்துக்கு 'மக்கா' என்ற முன்னொட்டைச் சேர்த்து வேறுபடுத்தினோம்.

பின்னால் வந்தது என்று எப்படித் துணிவது? இங்கொரு வழக்கு உண்டு. மைசூருக்கு அருகே சோமநாதபுரத்து ஹொய்சளர் கோயிலில் (13ஆம் நூற்றாண்டு) சிற்பங்களின் கையில் இருப்பது மக்காச்சோளக் கதிரே என்று கார்ல் ஜோஹன்னசன், ஆன் பார்க்கர் ஆகிய இருவரும் 1989-இல் எழுதினர். அது முத்துகள் பதித்த கற்பனைக் கனியாகிய 'முக்தாபலம்' என்று இந்திய அறிஞர் பாயக், சச்சன் 1993-இல் மறுத்தனர். நாம் மறுப்பின் பக்கமே நிற்கிறோம். சோழர் கல்வெட்டுகள் திருவமுதுக்குரிய பொருள்களைக் கணக்குப் பிசகாமல் அடுக்குகின்றன. அரிசி, பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், நெய், தயிர், பாக்கு, வெற்றிலை எல்லாம் உண்டு. மக்காச்சோளமும் இல்லை, மிளகாயும் இல்லை. சிற்பத்தின் கையிலுள்ள ஒன்றை ஊகிப்பதினும், கணக்கரின் ஏட்டை நம்புதல் நன்று.

இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளம் பெரும்பயிர். ஆயினும் தமிழகத்து விளைச்சலில் பெரும்பகுதி கோழித் தீவனமாகிறது. நாமக்கல் முட்டையாக மாறியே அது நம் இலைக்கு வருகிறது. முட்டையில் தோய்க்கும் சிலாக்கிலாவில் அது இருமுறை இடம்பெறுகிறது என்பது நம் இல்லத்தரசியாரின் கண்டுபிடிப்பு.

அவருடைய யோசனைப்படியே இரண்டாம் முயற்சி நடந்தது. அரைக்கிலோ உலர்ந்த மக்காச்சோளம் (பூச்சிமருந்து தடவிய விதைமணி கூடவே கூடாது), ஒன்றரை லிட்டர் நீர், மணமும் நிறமும் கலவாத வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி. பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அலுமினியம் ஆகாது. முக்கால் மணிநேரம் கொதித்ததும் நீர் மஞ்சளாயிற்று. மறுநாள் காலை பலமுறை கழுவித் தேய்க்க, தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. கிரைண்டரில் கெட்டியாக அரைத்துத் தட்டினோம். இம்முறை அடை மடிந்தது, முறியவில்லை. பாலாடைக்கட்டிக்கு ஈடாகப் பன்னீர் வைத்தோம்.

உண்டு முடித்தபின் ஒரு சொல் நினைவில் உறுத்தியது. சுண்ணாம்பில் வெந்த தானியத்தை நாவாட்டல் மொழியில் 'நிஷ்டமல்' என்பர். அதன் முதற்பகுதியாகிய 'நெஷ்ட்லி' சாம்பலைக் குறிக்கும். நம் தமிழில் 'நீறு' என்றால் சாம்பல், சுண்ணாம்பும் கூட. 'நூறு' என்றால் மாவு, அதுவும் சுண்ணாம்பைக் குறிப்பதுண்டு. இரு மொழிகளுக்கும் உறவு கற்பிக்க வரவில்லை. சோமநாதபுரத்தில் பிறர் செய்த பிழையை நாம் செய்யலாகாது. ஆனால் சொல்லில் மாவையும் சுண்ணாம்பையும் ஒன்றாக வைத்திருந்த நாம், வெற்றிலையோடு அன்றாடம் சுண்ணாம்பு தின்ற நாம், அயல் தானியம் வந்தபோது அதனை விளைவித்தவர் எப்படி உண்டனர் என்று கேட்கவில்லை. உலகில் பெரும்பாலோரும் கேட்கவில்லை. தானியத்தைக் கப்பலில் ஏற்றியவர்கள், அதை அரைத்த பெண்களின் அறிவைக் கரையிலேயே விட்டுவிட்டனர். அதற்கான விலையை ஏழைகளின் உடல்கள் இருநூறு ஆண்டுகளாகக் கொடுத்தன.